பாலைவனத்தில் தேனிலவு: அமெரிக்கத் தென்மேற்குக்குக் காரில் வரும் புதுத் தம்பதிகள் அடிக்கடி கேட்பவை

நாங்கள் பீனிக்ஸ் பக்கம் குடிவந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து ஓரிரு வாரத்தில் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. ஹனிமூனுக்கு உங்க பக்கம் வரலாம்னு இருக்கோம்" என்று தொடங்கி, அதே இருபது சந்தேகம். பெரும்பாலும் மாப்பிள்ளை இங்கே வேலையில் இருப்பார், பெண் விசா கிடைத்துப் புதிதாக வந்து இறங்கியிருப்பாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் நானும் மனைவியும் சேர்ந்து எழுதி வைத்தது இது. கேள்விகள் அவர்கள் கேட்டபடியே.

"பாலைவனம்னா ராஜஸ்தான் மாதிரி மணலா இருக்குமா?"

மணல் குறைவு, பாறைதான் அதிகம். அரிசோனா, யூட்டாவின் தெற்குப் பாதி, நெவாடாவின் தென்முனை, நியூ மெக்சிகோ, கலிபோர்னியாவின் கிழக்கு ஓரம், இதெல்லாம் சேர்ந்ததைத்தான் இங்கே தென்மேற்கு என்கிறார்கள். இரும்புத் துரு கலந்து சிவந்த மணற்பாறையை ஆறுகள் அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள்தான் நீங்கள் படத்தில் பார்த்தவை. மணல்மேடுதான் வேண்டும் என்றால் நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் இருக்கிறது. அங்கே மணலே ஜிப்சம், உப்பு மாதிரி வெள்ளை.

எல்லாரும் மறப்பது உயரத்தை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி, ஏறக்குறைய ஊட்டி. பிரைஸ் கேன்யன் 8,000 அடிக்கு மேல். மே மாதத்தில்கூட விடியற்காலை அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு வந்த ஒரு ஜோடி, ஹோட்டல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூரியோதயம் பார்த்த படத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எந்த மாசம் வந்தா நல்லது?"

ஏப்ரல், மே முதல் பாதி. இல்லையென்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஆவணியில் கல்யாணம் வைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தையில் முடித்துப் பிப்ரவரியில் வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு வருடம் முழுக்கத் திறந்திருக்கும், பிரைஸில் சிவப்புப் பாறைமேல் வெள்ளைப் பனி படிந்து கிடப்பது கோடையில் கிடைக்காத காட்சி. சாலையில் பனி உறைந்திருக்கும், அதற்குத் தகுந்த நிதானம் வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசிக் கல்யாணம்தான் சிக்கல். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை பள்ளத்தாக்கின் அடிப்பகுதிகளும் பீனிக்ஸும் வேகஸும் அடுப்பு. 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்கு, குறையாமல் அடித்தது. ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்து வைப்பது நம்மூர் வழக்கம். அரிசோனா வெயிலும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறது.

"ஒரு வாரம்தான் லீவு. எதெல்லாம் பார்க்கலாம்?"

நாங்கள் எல்லாருக்கும் சொல்லும் வட்டம் இதுதான். லாஸ் வேகஸில் இறங்கிக் கார் எடுத்து, சையான் பூங்காவுக்கு 160 மைல். அதன் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் இரண்டு இரவு. அங்கிருந்து பிரைஸ் கேன்யன் 85 மைல், ஓர் இரவு. அப்புறம் அரிசோனா எல்லையில் பேஜ் என்ற சின்ன ஊர், 150 மைல். ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவும், ஆறு குதிரைலாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டும் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன. ஓர் இரவு. பேஜிலிருந்து மான்யுமெண்ட் வேலி 125 மைல், ஓர் இரவு. அங்கிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 180 மைல், ஓர் இரவு. கடைசியில் வேகஸ் திரும்ப 280 மைல்.

மொத்தம் கிட்டத்தட்ட 1,000 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதைவிடக் கூடுதல். கடைசி நாளைத் தவிர எந்த நாளும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியதில்லை, அதனால்தான் இந்த வட்டத்தை விடாப்பிடியாகச் சொல்கிறோம். அறைகளை மட்டும் நாள் குறித்ததுமே பதிவு செய்துவிடுங்கள். கிராண்ட் கேன்யனுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு 13 மாதம் முன்பே பதிவு திறக்கிறது. உள்ளே கிடைக்காவிட்டால் வாசலில் டுசயான், ஒரு மணி நேரத் தூரத்தில் வில்லியம்ஸ்.

"மேப்ல எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கே. டெத் வேலி, செடோனா, ஒயிட் சாண்ட்ஸ் எல்லாத்தையும் சேர்த்துக்கலாமா?"

வேண்டாம். கிராண்ட் கேன்யனிலிருந்து ஒயிட் சாண்ட்ஸ் மட்டுமே எட்டு மணி நேரத்துக்கு மேல். டெத் வேலி எதிர்த்திசை. ஆறு நாளில் ஐந்து மாநிலம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மாப்பிள்ளையிடம் எது பிடித்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அந்த சிவப்புப் பாறை" என்றார். எந்தச் சிவப்புப் பாறை என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் இருந்தால் இன்னோர் ஊரைச் சேர்க்காதீர்கள், இருக்கிற ஊர்களில் இன்னோர் இரவு சேருங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு செடோனா. பீனிக்ஸில் ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம்தான், வழியோடு வரும்.

"வேகஸ்ல ஆரம்பிக்கிறதா, பீனிக்ஸ்லயா?"

மேலே சொன்ன வட்டத்துக்கு வேகஸ். கிராண்ட் கேன்யன், செடோனா, பேஜ் மட்டும் போதும் என்றால் பீனிக்ஸ், எங்கள் வீட்டில் ஒரு காபியும் கிடைக்கும். வேகஸில் அறை வாடகையோடு ரிசார்ட் கட்டணம், பார்க்கிங் என்று தனித்தனியாக ஏறும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

"கார் வாடகைக்கு எடுக்க என்ன வேணும்? அவளும் ஓட்டலாமா?"

ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு, ஓட்டுநர் உரிமம். இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வருகிறவர் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருப்பது நல்லது. அதை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கி வர வேண்டும், ஒரு வருடம் செல்லும். கணவன் மனைவி என்றால் இரண்டாவது ஓட்டுநருக்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் பெயர் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். 25 வயது நிரம்பாதவருக்கு நாள்தோறும் கூடுதல் கட்டணம். நம் பெண்கள் பலர் 24, 25தான், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கும்: மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று. மான்யுமெண்ட் வேலியின் உள்சுற்று 17 மைலும் குண்டும் குழியுமான மண் சாலை. காரை மேலே நிறுத்திவிட்டு அந்த நிலத்தின் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் வழிகாட்டிகளோடு ஜீப்பில் போங்கள். அவர்கள் கூட்டிப் போகும் சில இடங்களுக்கு உங்கள் கார் போகவும் முடியாது.

"போன்ல மணி தானா மாறிட்டே இருக்கு. எது சரியான நேரம்?"

இந்தக் கேள்விக்காகவே தனிப் பக்கம் எழுதலாம். நெவாடா ஒரு நேரம், யூட்டா ஒரு மணி நேரம் முன்னால். பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அரிசோனா 1968லிருந்து அப்படி மாற்றுவதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நாடு மாற்றுகிறது. அந்த நவஹோ நாட்டுக்கு நடுவே இருக்கும் ஹோபி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் நிலம் மாற்றுவதில்லை. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை நீங்கள் நேரே ஒரு சாலையில் போனால் மணி முன்னே பின்னே முன்னே என்று தாவும்.

நடைமுறையில் இரண்டு விஷயம் போதும். பேஜ் ஊரும் ஆன்டிலோப் சுற்றுலாக்களும் அரிசோனா நேரம், மான்யுமெண்ட் வேலி நவஹோ நேரம். போன் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பாகக் காட்டும், அதனால் ஒரு கைக்கடிகாரத்தை அரிசோனா நேரத்திலேயே வைத்திருங்கள். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் இதற்குத்தான்.

"ஒவ்வொரு பூங்காவுக்கும் தனித்தனியா டிக்கெட்டா?"

சையான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் காருக்கு 35 டாலர் வீதம், ஏழு நாள் செல்லும். மூன்றும் போவதால் 80 டாலர் வருடாந்தர பாஸ் லாபம். ஆனால் 2026 முதல் அந்த 80 அமெரிக்காவில் வசிப்பவருக்கு மட்டும், அதற்கு இங்கே அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குப் பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் போனால் இந்த மூன்று பூங்காவிலும் தலைக்கு 100 டாலர் கூடுதல், அதனால் 250 கொடுப்பதே மிச்சம்.

மான்யுமெண்ட் வேலி, ஆன்டிலோப் இரண்டும் நவஹோ மக்களின் பூங்காக்கள். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. ஹார்ஸ்ஷூ பெண்டில் வண்டி நிறுத்தப் பேஜ் நகரம் தனியாக வாங்குகிறது.

"ஆன்டிலோப் கேன்யனுக்கு நாங்களே போயிட முடியாதா? டூர்லாம் எதுக்கு?"

முடியாது, நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை. காரணம் தெரிந்தால் முணுமுணுக்க மாட்டீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் திடீர் வெள்ளம் வந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கேன்யனில் மழையே சரியாகப் பெய்யவில்லை, பெய்தது பல மைல் தள்ளி. அந்தப் பிளவைக் கைகளை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம் என்ற அளவுக்குக் குறுக்கியது இப்படி வந்து வந்து போன வெள்ளம்தான். வானம் நீலமாக இருக்கும்போது சுற்றுலாவை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள்.

மேல் ஆன்டிலோப் தரைமட்டத்தில் நடப்பது. உச்சிவெயிலில் ஒளிக்கற்றை விழும் படங்கள் இங்கே எடுத்தவை, ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் அது விழும். கீழ் ஆன்டிலோப்பில் இரும்பு ஏணிகளில் இறங்க வேண்டும், கூட்டமும் செலவும் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் கைப்பையும் கேமரா முக்காலியும் அனுமதியில்லை. என் வாக்கு கீழ் ஆன்டிலோப்புக்கு.

"கிராண்ட் கேன்யன்ல அந்தக் கண்ணாடிப் பாலத்துல நின்னு போட்டோ எடுக்கணும். எங்க இருக்கு?"

அது தேசியப் பூங்காவில் இல்லை. 2007ல் திறந்த அந்தக் கண்ணாடி நடைபாதை ஹுவலபாய் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற இடத்தில் இருக்கிறது. தெற்கு விளிம்பிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், கட்டணமும் தனி. பெயர் ஒன்றாக இருப்பதால் அறையை ஓரிடத்திலும் டிக்கெட்டை இன்னோரிடத்திலும் எடுத்துவிட்டு அழுதவர்களை எங்களுக்குத் தெரியும். ஒன்றுதான் முடியும் என்றால் தெற்கு விளிம்பு.

வடக்கு விளிம்பும் இப்படித்தான் குழப்பும். எதிரே, பறவைக்குப் பத்து மைல். காருக்கு 215 மைல், ஐந்து மணி நேரம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அங்கிருந்த பழைய விடுதி 2025 ஜூலை காட்டுத்தீயில் எரிந்துபோனது.

"ஆத்து வரைக்கும் இறங்கி அன்னிக்கே ஏறிடலாமா? அவர் மாரத்தான் ஓடுவார்."

அவர் ஓடுவார், நீங்கள்? பூங்கா நிர்வாகமே வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறது. மலையேற்றத்தில் களைத்த பிறகு இறக்கம், இங்கே தலைகீழ்: சுலபமான பாதி முதலில் வரும், கஷ்டம் கடைசியில், அதுவும் வெயில் ஏறியபின். ஒரு மைல் ஆழம் இறங்க இறங்கச் சூடு கூடும். விளிம்பில் 85 டிகிரி பாரன்ஹீட் என்றால் அடியில் 105 இருக்கும்.

பிரைட் ஏஞ்சல் பாதையில் அரை மணி இறங்கினால் ஒரு மணி நேரம் ஏற வேண்டும் என்று கணக்கு வைத்து, காலை எட்டு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். அதிலேயே கேன்யனுக்குள் போன உணர்வு கிடைக்கும். சையானில் ஏஞ்சல்ஸ் லாண்டிங் என்ற செங்குத்தான பாறை முகட்டில் ஏற 2022லிருந்து குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். தலைசுற்றுபவர் பெயர் விழுந்தாலும் போகக் கூடாது. அதற்குப் பதில் நாரோஸ், ஆற்றுக்குள்ளேயே நடப்பது. தண்ணீர் சில்லென்று இருக்கும். அதற்கான காலணியும் கழியும் ஸ்பிரிங்டேலில் வாடகைக்குக் கிடைக்கும்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றது? நாங்க சைவம்."

பர்ரிட்டோவும் பீட்சாவும் எங்கும் உண்டு. மெக்சிகன் கடைகளில் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய பழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள். நவஹோ பகுதியில் ஃப்ரை பிரெட் என்று ஒன்று கிடைக்கும், பார்க்கப் பட்டூரா மாதிரி. 1864ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை ஊரைவிட்டு நடத்திக் கூட்டிப்போய் அடைத்து வைத்தபோது ரேஷனாகக் கொடுத்த மாவில் பிறந்த உணவு அது. கடைக்காரர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார், தெரிந்து சாப்பிடுங்கள்.

ரைஸ் குக்கர் எடுத்து வருகிறவர்களுக்கு: பிரைஸ் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 செல்சியஸிலேயே கொதித்துவிடும். சாதம் குழையாது, பருப்பு வேகவே வேகாது, விசில் வரும் குக்கர் இருந்தால்தான் உண்டு. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தேங்காய் எண்ணெய் இது மூன்றும் போதும். அறைக்குள் தாளிக்க வேண்டாம். கடுகு வெடிக்கும் முன்பே புகை அலாரம் அடிக்கும், பக்கத்து அறைக்காரர்கள் நைட்டியோடு வெளியே வந்து நிற்பார்கள். எங்களுக்கு நடந்தது.

தேங்காய் எண்ணெய் தலைக்கு என்று நினைக்காதீர்கள். இந்த வறண்ட காற்றில் இரண்டாம் நாளே மூக்குக்குள் காய்ந்து ரத்தம் கசியும். ராத்திரி ஒரு துளி தடவிக்கொண்டால் போதும்.

"வழியில பாத்ரூம் இருக்குமா?" (இதைப் பெண்கள் என் மனைவியிடம் மட்டும் கேட்பார்கள்)

என் மனைவி சொல்வது: இருக்கும், ஆனால் ஐம்பது அறுபது மைலுக்கு ஒன்று என்று நினைத்துக்கொள். பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ இறங்கிப் போய் வா. கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகிறது, அவரிடம் எப்படி நிறுத்தச் சொல்வது என்று கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வந்த ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்து, தேனிலவில் பாதி மருத்துவரிடம் போனது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குடிக்கத்தான் வேண்டும்.

மாப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது: அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "எனக்கு ஒரு காபி வேணும்" என்று நீங்களே நிறுத்துங்கள்.

"தாலி, நகையெல்லாம் போட்டுட்டு வரலாமா?"

தாலியைக் கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் வீட்டு வழக்கம், அதில் நாங்கள் தலையிடுவதில்லை. மற்ற நகையை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். நடைபாதை ஆரம்பிக்கும் இடங்களில் கண்ணாடியை உடைத்துப் பையை எடுக்கும் திருட்டு உண்டு, காருக்குள் எதுவும் கண்ணில் படக் கூடாது.

யாரும் யோசிக்காத இரண்டு. நாரோஸ் தண்ணீரில் கை விறைத்து விரல் சுருங்கும், புது மோதிரம் சத்தமில்லாமல் நழுவிவிடும். இன்னொன்று மெட்டி. இறுக்கமான நடைக் காலணிக்குள் மெட்டி பக்கத்து விரலை அறுத்து, மாலைக்குள் கொப்புளம். காலணி போடும் நேரம் மட்டுமாவது கழற்றிச் சின்ன டப்பாவில் போடுங்கள். மாமியாரிடம் நாங்கள் சொல்லவில்லை.

"கூகுள் மேப் இருக்கே, வேற என்ன வேணும்?"

மேப்பைப் போனில் இறக்கி வையுங்கள், பாதி தூரம் சிக்னல் இருக்காது. பிரைஸிலிருந்து பேஜ் போகும்போது காட்டன்வுட் கேன்யன் சாலை என்று ஒரு குறுக்குவழி காட்டும். அது மண் சாலை. மழை பெய்தால் களிமண் பசையாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தார் போட்ட சாலையை விட்டு இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பெட்ரோல் பாதிக்கு வந்ததும் நிரப்புங்கள். இருட்டிய பிறகு ஓட்டாமல் இருக்கப் பாருங்கள். நவஹோ பகுதியில் மாடும் குதிரையும் சாலையில் நிற்கும், கேன்யன் பக்கம் எல்க் என்ற பெரிய மான். நம்மூர் மாடு போல ஹாரனுக்கு நகரும் என்று நம்பாதீர்கள்.

"புழுதிப் புயல் வந்தா என்ன செய்யணும்?"

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை இங்கே பருவமழைக் காலம், அப்போது பீனிக்ஸ் டூசான் நெடுஞ்சாலையில் வரும். தூரத்தில் பழுப்புச் சுவர் எழுந்து நிற்கும். சாலையைவிட்டு முடிந்தவரை ஓரம் தள்ளி நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், எல்லா விளக்கையும் அணையுங்கள், பிரேக் மிதியிலிருந்து காலை எடுங்கள். விளக்கை ஏன் அணைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். கண் தெரியாமல் பின்னால் வருகிறவர், உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அங்கேதான் சாலை போகிறது என்று நினைத்து நேரே வந்து இடிப்பார்.

சாலையில் வெள்ளம் ஓடினால் ஆன்டிலோப் கதையை நினைத்துக்கொண்டு நில்லுங்கள். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்கும் செலவை ஓட்டியவரிடமே வாங்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. அதை ஊரில் எல்லாரும் முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்றுதான் சொல்வார்கள்.

"நவஹோ நாடுன்னா வேற நாடா? பட்டுப்புடவையில போட்டோஷூட் பண்ணலாமா?"

அமெரிக்காவுக்குள் தங்கள் அரசும் காவலும் நீதிமன்றமும் கொண்ட மக்கள். அவர்கள் நிலம் இலங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கே மது விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், வேகஸில் வாங்கிய பாட்டிலைக் காரில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். டிரோன் கூடாது, தேசியப் பூங்காக்களிலும் கூடாது. ஆட்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. பானை ஓடு, அம்பு முனை கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே விடுங்கள். சாலையோரத்தில் வெள்ளியும் நீலக்கல்லும் விற்பார்கள், செய்தவரே விற்பதுதான் பல இடத்தில். அதற்கு ரொக்கம் வையுங்கள்.

புடவை கட்டி நீங்களே எடுத்துக்கொள்ள யாரும் தடுக்க மாட்டார்கள். தொழில்முறைப் படக்காரரை வைத்து நவஹோ நிலத்தில் எடுப்பதானால் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அரக்குப் பட்டு அந்தச் சிவப்புப் பாறையில் கரைந்துவிடும். மயில்கழுத்து நிறம், இல்லையென்றால் மஞ்சள்.

"வழியில பாஸ்போர்ட் கேப்பாங்களா?"

மேலே சொன்ன வட்டத்தில் சோதனைச் சாவடி இல்லை. டூசானுக்குத் தெற்கேயும் ஒயிட் சாண்ட்ஸ் பக்கமும் எல்லைக் காவலர் சாவடிகள் உண்டு, நிறுத்திக் கேட்பார்கள். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டும், ஐ-94 என்ற நாட்டுக்குள் நுழைந்த பதிவின் பிரதியும் இருவருக்கும் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் பதில், அரை நிமிடத்தில் விட்டுவிடுவார்கள்.

"அம்மா அப்பாவும் இப்ப இங்கதான் இருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?"

கேட்பது எப்போதும் மாப்பிள்ளைதான். வேண்டாம். அவர்களைக் கிராண்ட் கேன்யனுக்குத் தனியாக ஒரு வார இறுதியில் கூட்டிப் போங்கள். விளிம்பில் இலவச பஸ் ஓடுகிறது, நடக்க முடியாதவர்களும் எல்லாம் பார்க்கலாம், வில்லியம்ஸிலிருந்து ரயிலும் உண்டு. இந்தப் பயணத்துக்கு இரண்டு பேர்.

"நிச்சயம் பண்ணி நடந்த கல்யாணம். இன்னும் சரியாப் பேசிக்கூடப் பழகல. நாள் முழுக்க காருக்குள்ள என்ன பேசறது?"

இதைக் கேட்டவரிடம்தான் எனக்கு மரியாதை அதிகம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு வராது. இரண்டு பேரும் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வரும். கயென்டாவிலிருந்து ட்யூபா சிட்டி போகும் நீண்ட சாலையில், பாட்டு தீர்ந்து சிக்னலும் போனபின், என் மனைவி அவள் பள்ளியில் தோற்றுப்போன ஒரு ஓட்டப்பந்தயத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னாள். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா என்னிடம் சொன்ன அத்தனையைவிட அதில்தான் எனக்கு அவளைத் தெரிந்தது. சங்கப் பாட்டில் பாலை என்றால் பிரிவு. ஆனால் காதலனோடு அவளும் அதே பாலை வழியே கிளம்பிவிடும் உடன்போக்கும் அங்கேதான் வருகிறது.

சண்டையும் வரும். வழி தவறியதும் பசித்ததும்தான் முக்கால்வாசிக் காரணம். முதலில் சாப்பிடுங்கள்.

"நட்சத்திரம் நல்லா தெரியுமாமே? எப்ப, எங்க பார்க்கணும்?"

நாள் குறிக்கும்போதே அமாவாசையை ஒட்டி வையுங்கள், பெரியவர்கள் முகம் சுளித்தாலும். பிரைஸ், மான்யுமெண்ட் வேலி, கிராண்ட் கேன்யன் மூன்றிலும் வானம் கருப்பு. கண் பழக அரை மணி நேரம் போனைத் தொடாமல் இருக்க வேண்டும்.

மண்டபத்தில் பட்டப்பகலில் விரலை நீட்டி "அருந்ததி தெரியுதா?" என்று கேட்டபோது, தெரியாமலே தெரியுது என்று சொன்னீர்கள் அல்லவா? அதை இங்கே பார்த்துவிடலாம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றாலே முகம் வடக்கே இருக்கும். சப்தரிஷி மண்டலத்தின் வால் மூன்று நட்சத்திரம், அதில் நடுவில் இருப்பது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக ஒன்று, அதுதான். சித்திரை வைகாசியில் இருட்டியதும் உயரத்தில் இருக்கும். ஆவணி முடிந்து வந்தால் இருட்டின உடனேயே வடமேற்கில் தேட வேண்டும், நேரமானால் தாழ்ந்துவிடும். தையில் ஒன்பது பத்து மணிக்கு வடகிழக்கில் எழும். பல இடத்தில் விளிம்புக்குத் தடுப்புக் கம்பி கிடையாது, மேலே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். நின்று பாருங்கள்.

"காரைத் திருப்பிக் கொடுக்கும்போது எதாவது பார்க்கணுமா?"

பெட்ரோலை நிரப்பிக் கொடுங்கள், விமான நிலையத்துக்கு ஓரிரு மைல் முன்பே நிரப்பினால் விலை குறைவு. செம்மண் அப்பியிருந்தால் பத்து டாலரில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைச் சாக்கு வைத்து எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்பார்கள். இருக்கைக்கு அடியிலும் கப் வைக்கும் குழியிலும் கையை விட்டுத் துழாவுங்கள். மெட்டியைக் கழற்றி டப்பாவில் போடச் சொன்னோமே, அந்த டப்பாவைத் தேடிக்கொண்டு போன மாதம் ஒரு ஜோடி வேகஸ் விமான நிலையத்திலிருந்து திரும்ப ஓடியிருக்கிறது. கிடைத்தது, கப் குழியில், பாதி தின்ற முறுக்குப் பொட்டலத்துக்குக் கீழே.